விரல் வரிகளும் வியர்வையற்ற குழந்தைகளும்

மனிதனின் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் மூடியுள்ள தோல், உடலின் ஏனைய பகுதிகளில் உள்ள தோலினின்றும் வேறுபட்டது. அங்கே உரோமம் முளைப்பதில்லை. எண்ணெய்ச் சுரப்பிகளும் இல்லை. உழுத நிலத்தில் படைச்சால்கள் வரிசையாகச் செல்வதுபோல, மெல்லிய மேடுகளும் பள்ளங்களும் அடுத்தடுத்து வளைந்து செல்கின்றன. இம்மேடுகளே வரிகள் எனப்படுகின்றன. ஒவ்வொரு வரியின் முகட்டிலும் சிறு சிறு இடைவெளி விட்டு நுண்துளைகள் அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு துளையும் ஒரு வியர்வைச் சுரப்பியின் வாயாகும். வரியும் வியர்வைத் துளையும் ஒரே அமைப்பின் இரு கூறுகள் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்வரிகளைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் முறை வளர்ந்ததில் இந்தியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1858-ஆம் ஆண்டில் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பத்துக்குத் துணையாக ஒப்பந்தக்காரரின் கைப்பதிவைப் பெற்றார். 1897-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் விரற்பதிவு அலுவலகம் நிறுவப்பட்டது. அங்கே அஜிஜுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இரு இந்திய அலுவலர்கள் விரற்பதிவுகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்குவதில் முக்கியப் பணி ஆற்றினர். இவ்வாறு போலீஸ் இலாகாவுக்குப் பயன்பட்ட வரிகள் பின்னர் மருத்துவரின் கவனத்தையும் ஈர்த்தன. அமெரிக்க உடற்கூற்று அறிஞர் ஹெரால்டு கம்மின்ஸ் 1926-ஆம் ஆண்டில் இத்துறைக்குத் தனிப்பெயர் சூட்டினார். டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளின் கைவரிகள் தனித்தன்மை உடையவை என்பதை 1936-இல் எடுத்துக்காட்டினார்.

வரிகள் மருத்துவருக்கு உதவும் மற்றோர் இடம் பரம்பரைத் தோல் நோய்களாகும். அவற்றுள் ஒன்று, வெப்ப நாடான இந்தியாவில் தனிக் கவனத்துக்கு உரியது. கோடைக்காலத்தில், காரணம் புலப்படாத காய்ச்சலால் அடிக்கடி வருந்தும் குழந்தைகளுள் மிகச் சிலருக்கு உண்மையில் காய்ச்சல் இல்லை. அவர்களுக்கு வியர்ப்பதில்லை, ஆகவே உடலின் வெப்பம் வெளியேற வழியில்லை. இக்குழந்தைகளைத் தக்க தருணத்தில் கண்டறியாவிடில் உயிருக்கே ஆபத்து நேரலாம். கண்டறிந்துவிட்டாலோ, ஈரத்துணியும் நிழலும் தண்ணீருமே அவர்களைக் காக்கப் போதுமானவை. அவ்வாறு கண்டறிவதற்கு உதவும் தடயங்களுள் ஒன்று அவர்களுடைய விரல் நுனியிலேயே உள்ளது.

வரிகள் தோன்றும் விதம்

கருவின் ஆறு அல்லது ஏழாவது வாரத்தில் விரல் நுனிகளில் சிறு மேடைகள் போன்ற திரட்சிகள் எழுகின்றன. பத்தாவது வார அளவில் இத்திரட்சிகள் தாழத் தொடங்குகின்றன. அப்போதே தோலின் அடிப்பகுதியில் வரிகளின் முதல் அடையாளம் தோன்றுகிறது. 17-ஆவது வார அளவில் வரிகளின் உருவம் நிலைபெற்றுவிடுகிறது. 24-ஆவது வாரத்துக்குள் அமைப்பு முழுமை அடைகிறது. அதன்பின் குழந்தை வளர வளர வரிகள் பருமனில் பெருகுமேயன்றி, உருவத்தில் மாறுவதில்லை. மேல்தோலில் ஏற்படும் சிறு காயம் ஆறியதும் பழைய வரிகளே மீண்டும் தோன்றுகின்றன.

வரிகளின் உருவம் மூன்று பெரும் பிரிவுகளில் அடங்கும். அவை வில், கண்ணி, சுழல் என்பன. சங்கு, சக்கரம் என்று மக்கள் வழக்கில் கூறப்படுபவை இவற்றுட் சிலவே. பொதுவாக 100 விரல்களை எடுத்துக்கொண்டால் 60 முதல் 65 வரை கண்ணிகளும், 30 முதல் 35 வரை சுழல்களும், ஏறத்தாழ 5 விற்களும் காணப்படும். இவ்விகிதம் மக்கட் கூட்டத்துக்குக் கூட்டம் ஓரளவு வேறுபடும்.

வரிகள் ஏன் வரிகளாகவே அமைகின்றன என்னும் வினாவுக்குத் தெளிவான விடை 2023-ஆம் ஆண்டில் கிடைத்தது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் டெனிஸ் ஹெடன் என்பவரின் தலைமையில் ஆராய்ந்த குழுவினர், தோல் அணுக்களிடையே செல்லும் மூவகை இரசாயனச் சமிக்ஞைகள் இதில் ஈடுபட்டிருப்பதைக் கண்டனர். ஒன்று வளர்ச்சியைத் தூண்டுகிறது, மற்றொன்று தடுக்கிறது, இவ்விரண்டின் போட்டியால் மேடும் பள்ளமும் மாறி மாறி உண்டாகின்றன. உயிரினங்களின் உடலில் வரிகளும் புள்ளிகளும் தோன்றுவதற்குக் கணித அறிஞர் ஆலன் டூரிங் 1952-இல் கூறிய விளக்கத்துக்கு இது ஒத்திருக்கிறது. விரற்பட்டையின் நடுவிலும், நகத்தை ஒட்டிய நுனியிலும், மூட்டு மடிப்பிலும் வரிகள் தொடங்கி, அலைபோல் பரவி, ஒன்றையொன்று சந்திக்கின்றன. எந்த அலை எப்போது தொடங்குகிறது என்பதைப் பொறுத்தே வில்லோ, கண்ணியோ, சுழலோ அமைகிறது. ஒரே கருவினின்று பிரிந்த இரட்டையருக்குங்கூட வரிகள் நுணுக்கத்தில் வேறுபடுவதன் காரணமும் இதனால் விளங்குகிறது.

மூன்றாவது சமிக்ஞை ‘ஈடார்’ என்னும் ஜீனைச் சார்ந்தது. இதன் செயல் குன்றிய எலிகளின் விரற்பட்டைகளில், ஒழுங்கான வரிகளுக்குப் பதிலாகப் புள்ளி புள்ளியான மேடுகள் தோன்றின. இதே ஜீன் பழுதடையும் மனிதக் குழந்தைகளுக்கும் வியர்வையற்ற நோய் உண்டாகிறது. எனவே வரிகளுக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பு தற்செயலானதன்று. இரண்டும் ஒரே வேரினின்று எழுவன.

சிந்து நாட்டின் ஒரு குடும்பம்

இந்நோயைப் பற்றிய புகழ்பெற்ற பழைய குறிப்புகளுள் ஒன்று, இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தது. சார்லஸ் டார்வின், வளர்ப்பு விலங்குகளிலும் பயிர்களிலும் காணும் மாறுபாடுகளைப் பற்றி எழுதிய நூலின் 1875-ஆம் ஆண்டுப் பதிப்பில், சிந்து நாட்டில் வாழ்ந்த ஓர் இந்துக் குடும்பத்தைக் குறிப்பிடுகிறார். வெட்டர்பர்ன் என்பவர் அவருக்கு அனுப்பிய செய்தி அது. அக்குடும்பத்தில் நான்கு தலைமுறைகளில் பத்து ஆடவர்களுக்குப் பற்கள் மிகக் குறைவாகவும் சிறியவையாகவும் இருந்தன. உடலில் உரோமம் அருகியிருந்தது. தலை இளமையிலேயே வழுக்கையாயிற்று. கோடையில் தோல் வறட்சியால் அவர்கள் பெரிதும் துன்புற்றனர். பெண் மக்களுக்கு இக்குறை உண்டாகவில்லை. எனினும் அவர்களுடைய ஆண் மக்களுக்கு அது வந்து சேர்ந்தது. ஆடவர் எவரும் தம் மகனுக்கு இதனை வழங்கவில்லை.

பாரம்பரிய விதிகள் உலகறியப் பரவுவதற்கு முன்னரே எழுதப்பட்ட இக்குறிப்பு, இன்று ‘எக்ஸ்’ குரோமோசோமைச் சார்ந்த பாரம்பரியம் எனப்படுவதன் எல்லா இலக்கணங்களையும் கொண்டிருக்கிறது. 1921-ஆம் ஆண்டில் தடானி என்னும் ஆராய்ச்சியாளர், சிந்துவில் இத்தகையோரைப் பற்றி அமெரிக்கப் பாரம்பரியவியல் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். பல்லில்லாதோர் எனப் பொருள்படும் பெயரால் அவர்கள் அங்கே அழைக்கப்பட்டு வந்தனர். சிந்து மாகாணம் 1947-இல் பாகிஸ்தானுடன் சேர்ந்தது; இந்நோயோ உலகின் எல்லா நாடுகளிலும் அரிதாகக் காணப்படுகிறது. 1929-ஆம் ஆண்டில் வீச் என்னும் அமெரிக்க மருத்துவர் இதற்கு ‘எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா’, அதாவது புறப்படைக் குறைவளர்ச்சி என்னும் பெயரை வழங்கினார்.

நோயின் தன்மை

கருவின் வெளிப்புறப் படையினின்று தோல், உரோமம், நகம், பல், வியர்வைச் சுரப்பி ஆகியவை உண்டாகின்றன. இவற்றுள் இரண்டோ, அதற்கு மேற்பட்டவையோ சரிவர வளராத நிலையே புறப்படைக் குறைவளர்ச்சி. இதில் பல வகைகள் உண்டு. வியர்வை குன்றும் வகையே யாவற்றினும் மிகுதியாகக் காணப்படுவது.

இவ்வகையில் பெரும்பான்மைக்குக் காரணமான ‘ஈடிஏ’ ஜீன் 1996-ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. அது ‘எக்ஸ்’ குரோமோசோமில் உள்ளது. இந்த ஜீன் உண்டாக்கும் புரதத்தைச் சாவி எனக் கொண்டால், ஈடார் ஜீன் உண்டாக்கும் புரதம் பூட்டைப் போன்றது. சாவி பழுதானாலும் பூட்டு பழுதானாலும் விளைவு ஒன்றே, கதவு திறப்பதில்லை. கருவின் தோலில் இன்ன இடத்தில் ஒரு பல்லோ, உரோமமோ, சுரப்பியோ முளைக்க வேண்டும் என்னும் ஆணை அணுக்களைச் சென்றடைவதில்லை.

பாதிக்கப்பட்ட குழந்தையின் தோற்றம் எளிதில் அடையாளம் காணத்தக்கது. தலைமயிரும் புருவமும் மெலிந்தும் அருகியும் இருக்கும். நெற்றி சற்று முன்தள்ளியும் மூக்கின் தண்டு தாழ்ந்தும் காணப்படும். கண்களைச் சுற்றியுள்ள தோல் கறுத்துச் சுருங்கியிருக்கும். பற்கள் காலந்தாழ்ந்து முளைக்கும், முளைப்பவையும் சிலவே, அவையும் ஆப்பு போலக் கூராக இருக்கும். அறிவு வளர்ச்சி பொதுவாக இயல்பானதே. ஆனால் தோற்றத்தின் அடையாளங்கள் யாவும் முதல் ஆண்டிலேயே தெளிவாகத் தெரிவதில்லை. பல குழந்தைகளுக்குத் தலைமயிர் குறைவாக இருப்பதும், பல் தாமதமாக முளைப்பதும் இயல்பு என்று பெற்றோர் கருதிவிடுவர். வியர்வையின்மையோ முதற் கோடையிலேயே குழந்தையைத் தாக்குகிறது. மிகுந்த ஆபத்து உள்ள காலமும், நோய் வெளிப்படாத காலமும் ஒன்றாக அமைந்துவிடுவதே இந்நோயின் கொடுமை.

விரல் நுனியில் காண்பவை

இங்கேதான் வரிகள் உதவிக்கு வருகின்றன. இந்நோயில் காணத்தக்கது வரிகளின் உருவமன்று, வரிகளின் தரம். விரலில் வில் உள்ளதா, சுழல் உள்ளதா என்பதைக் கொண்டு நோயை முடிவு செய்ய இயலாது. ஆனால் வரிகளின் உயரமும் துளைகளும் மிகுந்த செய்தியைத் தருகின்றன. பல நோயாளிகளின் வரிகள் தாழ்ந்தும், தேய்ந்தவை போன்றும் இருக்கும். மை தடவிக் காகிதத்தில் பதித்தால் வரிகள் தெளிவாக விழுவதில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால், இயல்பான குழந்தையின் வரி முகட்டில் மணிகள் கோத்தாற்போல் தெரியும் துளைகள், இக்குழந்தையிடம் மிகச் சிலவாகவோ முற்றிலும் இல்லாமலோ இருக்கும்.

இத்துளைகளை எண்ணுவதன் மூலம் நோயைக் கண்டறியும் முறையை ஃபிரியாஸ், ஸ்மித் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் 1968-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1971-இல் ஆஸ்திரேலியாவின் கிரம்ப், டாங்க்ஸ் ஆகியோர், நோயுற்ற குடும்பங்களில் இதனைப் பயன்படுத்தி ஆராய்ந்தனர். தோலை வெட்டிச் சோதிக்காமல், குழந்தைக்கு வலி உண்டாக்காமல் செய்யக்கூடிய சோதனை இது. மருத்துவர்கள் இதனுடன் அயோடின், மாவுச்சத்துச் சோதனையையும் செய்வதுண்டு. தோலில் அயோடின் கரைசலைத் தடவி, உலர்ந்தபின் மாவைத் தூவினால், வியர்வை வெளிப்படும் இடமெல்லாம் கருநீலமாக மாறும். வியர்க்காத இடம் நிறம் மாறுவதில்லை.

தாய்மாரின் தோலிலும் இவ்வடையாளத்தைக் காணலாம். பெண்ணின் ஒவ்வோர் அணுவிலும் இரண்டு ‘எக்ஸ்’ குரோமோசோம்கள் உள. அவற்றுள் ஒன்று கருப்பருவத்திலேயே செயலற்றுப் போகிறது என்பதை மேரி லயன் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1961-இல் எடுத்துரைத்தார். சில அணுக்களில் பழுதான குரோமோசோமும், சிலவற்றில் நல்லதும் செயலற்றுப் போவதால், நோயைக் கடத்தும் பெண்ணின் தோல் ஒட்டுப்போட்ட துணியைப் போல் அமைகிறது. சோதனையில் அவரது முதுகில் வியர்க்கும் பட்டைகளும் வியர்க்காத பட்டைகளும் மாறி மாறித் தெரியும். விரலில் துளைகள் குறைந்திருக்கலாம். ஓரிரு பற்கள் இல்லாமலோ, கூராகவோ இருக்கலாம்.

இத்தாய்க்குப் பிறக்கும் ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. பெண் குழந்தை நோயைக் கடத்துபவளாக இருக்கும் வாய்ப்பும் அதுவே. நோயுற்ற ஆடவரின் மகன்களுக்கு நோய் செல்வதில்லை. மகள்கள் யாவரும் கடத்துபவர் ஆவர். டார்வினுக்கு எழுதப்பட்ட செய்தி இவ்விதியினின்று சிறிதும் பிறழவில்லை. ஈடார் ஜீனின் பழுதால் வரும் வகைகளுள் ஒன்று, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான ஜீனைப் பெறும் குழந்தைக்கு உண்டாவது. நெருங்கிய உறவில் மணம் புரியும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். இதில் பெண் குழந்தைகளும் சமமாகப் பாதிக்கப்படுவர்.

வரி மங்குவதெல்லாம் இந்நோயன்று

வரிகள் தெளிவற்றிருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. சுண்ணாம்பு, சலவைச் சோடா போன்ற பொருள்களைக் கையாள்வதும், கடினமான கைத்தொழிலும் வரிகளைத் தேய்க்கும். கரப்பான் நோயிலும் வரிகள் மங்கும். பரம்பரை நோய்களிலும் வேறுபாடு உண்டு. தோல் எளிதில் கொப்புளித்து வடுப்படும் ‘எபிடெர்மோலிசிஸ் புல்லோசா’வின் கடிய வகையில், அடிக்கடி உண்டாகும் புண்களால் வரிகள் அழிகின்றன. மீன்செதில் போன்ற தோல் உண்டாகும் நோயின் பொது வகையில் உள்ளங்கைக் கோடுகள் வழக்கத்தைவிட ஆழ்ந்தும் மிகுந்தும் தெரியும். இதற்குக் காரணமான ஜீன் மாற்றங்கள் 2006-இல் கண்டறியப்பட்டன. பிறவியிலேயே வரிகள் அற்ற கையுடன், மற்றபடி நலமாக வாழ்பவரும் உளர். ஒரு சுவிட்சர்லாந்துக் குடும்பத்தை ஆராய்ந்து, இதற்கான ஜீனை விஞ்ஞானிகள் 2011-இல் கண்டனர்.

ஆகவே வரியை மட்டும் பார்த்து முடிவு செய்தல் கூடாது. வரி ஒரு கேள்வியை எழுப்புகிறது. அதற்கு விடை கூற வேண்டியவர் மருத்துவரே. ‘இக்குழந்தைக்கு வியர்க்கிறதா?’ என்பதே அக்கேள்வி.

கள ஊழியரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

கிராமங்களில் வீடு வீடாகச் செல்லும் ஊழியருக்கு இக்கேள்வியைக் கேட்கும் வாய்ப்பு உண்டு. கோடையில் மட்டும் அடிக்கடி காய்ச்சல் வந்து, குளிர்ந்த இடத்தில் கிடத்தியதும் தணிந்துவிடும் குழந்தையைப் பற்றித் தாயிடம் விசாரித்தல் நன்று. பால் குடிக்கும்போது குழந்தையின் நெற்றி வியர்க்கிறதா, சட்டை நனைகிறதா, தாய்வழி மாமனுக்கோ, தாய்வழிப் பாட்டனாருக்கோ பற்கள் குறைவாக இருந்தனவா என்பன எளிய கேள்விகள். ஒன்றரை வயதாகியும் ஒரு பல்கூட முளைக்காத குழந்தையை மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.

இந்நிலையில் உண்டாகும் வெப்பம் நோய்க்கிருமியால் வந்த காய்ச்சலன்று; ஆதலால் காய்ச்சல் மாத்திரையால் அது தணிவதில்லை. குழந்தையை நிழலுக்குக் கொண்டு சென்று, துணிகளைத் தளர்த்தி, உடலை நீரால் நனைத்து, விசிறிக் காற்று படச் செய்தலே உடனடிச் சிகிச்சை. நனைந்த துணி, வியர்வை செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது. குழந்தை சோர்ந்து மயங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, குளிர்விப்பதை நிறுத்தாமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். எனினும் இக்குழந்தைகளுக்கும் உண்மையான காய்ச்சல் வரலாம் என்பதால், குளிர்வித்தும் தணியாத சூட்டை அலட்சியம் செய்தல் ஆகாது.

பள்ளியில் இத்தகைய மாணவனுக்குச் சாளரத்தின் அருகிலோ, விசிறியின் கீழோ இடம் தருதல் வேண்டும். வகுப்பின் நடுவே எழுந்து சென்று சட்டையை நனைத்துக்கொள்வதைக் குறும்பெனக் கருதித் தண்டித்தல் கூடாது. நண்பகல் வெயிலில் உடற்பயிற்சிக்கு அவனை நிறுத்துவது ஆபத்தானது. காலை நேரத்தில் விளையாடத் தடையில்லை. தண்ணீர்ப் புட்டியும் ஈரத்துண்டும் அருகில் இருந்தாற் போதும். பல்லும் தலைமயிரும் குறைந்த குழந்தையைச் சக மாணவர் ஏளனம் செய்வது உண்டு. இக்குறை எவருடைய பாவத்தாலும் சாபத்தாலும் வந்ததன்று என்பதையும், தொற்றக்கூடியதன்று என்பதையும் வகுப்பில் விளக்கும் கடமை ஆசிரியருடையது. தாயின் வழியாக வருவதால் தாயைப் பழிக்கும் வழக்கத்துக்கும் இவ்விளக்கமே மாற்று மருந்து.

2013-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று, பிறவிக் குறைபாடுகளைப் பரிசோதித்து, மாவட்ட மையங்களுக்கு அனுப்புகின்றன. ஐயத்துக்குரிய குழந்தையை அக்குழுவிடம் காட்டலாம். பற்களுக்காகப் பல் மருத்துவரிடம் இளமையிலேயே செல்லுதல் நன்று. மூன்று வயது அளவிலேயே செயற்கைப் பல்வரிசை பொருத்த இயலும். அதனால் குழந்தை நன்கு மென்று உண்பதோடு, பேச்சும் திருந்துகிறது.

வரிகள் மங்கிய குழந்தைக்கு அலுவலக முறைகளிலும் இடையூறு நேரலாம். ஆதார் பதிவில் ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் விரற்பதிவுகள் எடுக்கப்படுகின்றன. கருவி விரலை ஏற்க மறுத்தால், கருவிழிப் பதிவைக் கொண்டு பதிவு செய்யவும், விதிவிலக்காகப் பதியவும் விதிகளில் இடம் உண்டு. இதனை அறியாத பெற்றோர் திரும்பத் திரும்ப அலையாமல் இருக்க, ஆசிரியர் எடுத்துரைத்தல் உதவியாகும்.

மருத்துவத்தின் புதிய வழி

இந்நோய்க்கு நெடுங்காலம் சிகிச்சை எதுவும் இருந்ததில்லை. குறைவான புரதத்தைச் செயற்கையாக உண்டாக்கி, பிறந்த குழந்தைகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது எதிர்பார்த்த பயன் விளையவில்லை. சுரப்பிகள் உருவாகும் பருவம் அதற்குள் கடந்துவிட்டிருந்தது. ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்து மருத்துவர்கள், கருவிலிருந்த மூன்று ஆண் சிசுக்களுக்கு அப்புரதத்தைப் பனிக்குட நீரில் செலுத்தினர். அவர்களுள் இருவர் இரட்டையர். மூன்று குழந்தைகளும் பிறந்தபின் இயல்பாக வியர்த்தனர் என்னும் செய்தி 2018-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. விரல் வரிகளின் உருவம் நிலைபெற்ற பின்னரும், உடலின் வியர்வைச் சுரப்பிகள் வளரச் சிறிது காலம் எஞ்சியுள்ளது என்பதையே இவ்வெற்றி பயன்படுத்திக்கொண்டது.

கருவிலேயே சிகிச்சை அளிக்க வேண்டுமாயின், குடும்பத்தில் நோய் உண்டென்பது முன்னரே தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் முதற் குழந்தையைச் சரியாகக் கண்டறிந்தால்தான் அடுத்த குழந்தைக்கு வழி பிறக்கும். ஆகவே ஒரு கிராமத்து ஊழியர் குறித்தனுப்பும் சிறு குறிப்பின் மதிப்பு முன்னைவிட இன்று பெரிது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. விரல் வரிகளைக் கொண்டு குழந்தையின் அறிவுத்திறனையும், அவனுக்கேற்ற படிப்பையும் கூறிவிடலாம் என்று சொல்லிப் பள்ளிகளை அணுகுவோர் உளர். இதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை. வரி குழந்தையின் எதிர்காலத்தை உரைப்பதில்லை. அது கருவில் தோல் வளர்ந்த சில வாரங்களின் வரலாற்றை மட்டுமே உரைக்கிறது. அவ்வரலாற்றைச் சரியாகப் படித்து, சித்திரை வெயிலில் ஒரு குழந்தையை நிழலில் அமர்த்த முடியுமாயின், அதனினும் சிறந்த பயன் கைரேகைக்கு வேறில்லை.